சுமைதாங்கிக் கல்லைத் தூக்கியவன்

பெரியண்ணன் பயில்வானின் பழைய கல் அரிமளம் சந்தைத் திடலில் வைத்து இரண்டாக உடைந்தது. நெஞ்சின் மேல் வைத்துச் சம்மட்டியால் உடைக்கிற கல் வேறு, தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிற கல் வேறு. உடைந்தது தூக்குகிற கல். தூக்கி முடித்துக் கீழே போட்டான், பாதி அங்கே கிடந்தது, பாதி இங்கே கிடந்தது. கூட்டம் அதையும் ஒரு வித்தை என்று நினைத்துக் கை தட்டியது. அவனும் மீசையைத் தடவிக்கொண்டு கும்பிடு போட்டான். ஆனால் இரண்டு நாளில் அறந்தாங்கியில் ஆட்டம். நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. நோட்டீஸில் அவன் படத்தைவிடக் கல்லின் படம் பெரிது.

அது 1952, சித்திரை மாதம். நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு இந்த அலைச்சல் கிடையாது. சமஸ்தானம் இருந்தவரை தசராவுக்குத் தசரா புதுக்கோட்டையில் மல்லுக்கட்டு, வருஷம் முழுக்கப் பாலும் முட்டையும், தோளில் ஒரு சரிகைத் துண்டு. சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த கையோடு பாலும் நின்றது, துண்டும் நைந்தது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு தராசுத் தட்டா பிடிக்க முடியும்? ஊர் ஊராகக் கிளம்பினான். இரும்புக் கம்பியை வளைத்தான், கயிறு கட்டிக் காரை நிறுத்தினான், பல்லால் கடலை மூட்டையைத் தூக்கினான். கொட்டு அடிக்கவும் வாய் பேசவும் அறந்தாங்கி ஹாஜா முகைதீன் சேர்ந்துகொண்டான். ஹாஜா பேசினால் கல்லுக்கே தான் இன்னும் கொஞ்சம் பெரிய கல் என்ற நினைப்பு வந்துவிடும்.

கொடும்பாளூரில் வீடு. வீட்டில் மனைவி ராசாத்தி மட்டும். கல்யாணமாகி ஆறு வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஊரையே தூக்குகிறவனுக்குத் தூக்கிக் கொஞ்ச ஒன்று இல்லையே என்று பெண்கள் பேசியது அவன் காதிலும் விழுந்தது. அதற்குப் பதில் சொல்ல எந்தக் கோதாவிலும் கற்றுத் தரவில்லை.

ஹாஜா மேடை போட பஸ் ஏறி முன்னால் போய்விட்டான். பெரியண்ணன் சாமான்களோடு ஒற்றை மாட்டு வண்டியில் தனியாக அறந்தாங்கி ரோட்டில் போனான். நல்ல உச்சிப்பொழுது. ஆள் இல்லை, காக்காய்கூட இல்லை. ரோட்டோரம் ஒரு சுமைதாங்கியைப் பார்த்தான்.

சுமைதாங்கி என்றால் நெஞ்சுயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியாகவே செத்துப்போன பெண்ணுக்காக எடுப்பது. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவள். வழியோடு போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைக்க வைக்க, அவள் சுமையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்று நம்பிக்கை. இங்கே நட்ட கல் இரண்டும் நின்றன. ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. குறுக்குக் கல் தரையில் கிடந்தது.

நாலு முழ நீளம், ஒரு சாண் அகலம், நல்ல கருங்கல். அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. பெரியண்ணன் வண்டியை நிறுத்தினான். கல்லுக்கு அடியில் பனை மட்டை பரப்பியிருந்தது. மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது, ஈரம் காயவில்லை. விழுகிற கல் தனக்குத் தானே மட்டை விரித்துக்கொண்டு விழாது. இது அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், "விழுந்து கெடக்குற கல்லுக்கு யாரு சொந்தக்காரன்?" என்று உரக்கக் கேட்டான். பதில் வரவில்லை. மூன்று முறை கேட்டுவிட்டு, கேட்ட கடமை தீர்ந்தது என்று குனிந்தான்.

இரண்டு நெல்மூட்டைக் கனம் இருந்தது. மார்போடு அணைத்து வண்டியில் ஏற்றும்போது ஒன்றைக் கவனித்தான். வெயில் பட்ட மேல்பக்கம் சுட்டது, அது நியாயம். வெயிலே படாமல் மட்டைமேல் கிடந்த அடிப்பக்கமும் கதகதவென்று இருந்தது. காய்ச்சல்காரன் வயிற்றில் கை வைத்ததுபோல அந்தச் சூடு அவன் மார்பில் கொஞ்ச நேரம் தங்கியது. கல்லை எங்கே பிடித்தீர்கள் என்று ஹாஜா கேட்டபோது, "நார்த்தாமலைப் பாறையில ஒடைச்சது" என்றான். ராசாத்தியிடமும் அதையேதான் சொன்னான்.

அறந்தாங்கியில் அப்படி ஒரு கைதட்டலை அவன் அதுவரை கேட்டதில்லை. ஹாஜா அதற்கு எட்டாள் கல் என்று பெயர் வைத்தான். கூட்டத்திலிருந்து எட்டுப் பேரைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வான், பிறகு பெரியண்ணன் ஒருவனாகத் தூக்குவான். விராலிமலை, திருமயம், அதற்கும் தெற்கே செட்டிமார் ஊர்கள் என்று அழைப்பு குவிந்தது.

ஆடியில்தான் முதல் சந்தேகம். கல் கூடுதலாகக் கனத்தது. உடம்பைக் குறை சொல்லி முட்டையைக் கூட்டினான். ஐப்பசியில் இன்னும் கனத்தது. கர்லாக்கட்டை சுற்றுவதை இரட்டிப்பாக்கினான். கார்த்திகையில் தூக்கி முடித்ததும் கண் இருட்டியது. ஹாஜா கல்லைக் கடலை மண்டிக்கு எடுத்துப்போய் பெரிய தராசில் ஏற்றிப் பார்த்தான். சித்திரையில் எவ்வளவோ அதேதான். ஒரு குன்றிமணி கூடவில்லை.

"கல்லு அதே கல்லுதாண்ணே. ஒங்களுக்குத்தான் வயசாகுது" என்று சிரித்தான் ஹாஜா.

தைப்பூசத்துக்கு விராலிமலை. கூட்டம் மலையடிவாரம் பூராவும் நின்றது. பெரியண்ணன் கல்லை மார்புவரை கொண்டுவந்தான், அதற்கு மேல் அது ஏறவில்லை. தொண்டை நரம்பு புடைக்க நின்றான். அப்போது கல்லுக்குள்ளிருந்து ஒன்று அவன் விலாவில் இடித்தது. கல் வழுக்கவில்லை, ஆடவில்லை. உள்ளிருந்து சின்னதாக ஒரு இடி. மறுபடியும் ஒன்று. அடிவயிற்றில் யாரோ கயிறு முறுக்கியதுபோல வலி பிடுங்க, கல்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். ஜனம் அதற்கும் கை தட்டியது. மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தால் பழைய இரண்டு மூட்டைக் கனம்தான்.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. பத்து மாதம் கனத்துக்கொண்டே போகும். பத்தாம் மாதம் உள்ளே இடிக்கும். அவன் வயிறு துடிக்கும், ஒரே நாளில் கனம் இறங்கும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். மூன்று சுற்று இப்படிப் போயிற்று. பத்து மாதம் என்றால் என்ன கணக்கு என்று ஊரில் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை. கல் கனக்கக் கனக்க அவன் முகம் நிஜமாகவே கோணும், கோணக் கோணக் கூட்டம் கூடும். பேரும் புகழும் வருகிற வழியை எவன் அடைப்பான்?

1954 ஆயுத பூசை வந்தது. கர்லாக்கட்டை, சம்மட்டி, கம்பி எல்லாவற்றையும் ராசாத்தி கழுவிப் பொட்டு வைத்தாள். கல்லை மட்டும் கூடுதல் நேரம் கழுவினாள். பெரியண்ணன் பார்த்தபோது, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, முந்தானையால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கல்லுக்கு எதுக்குடி வெந்நீ?" என்றான்.

"என்னமோ தெரியலங்க. பச்சைத்தண்ணி ஊத்த மனசு வரல. நீங்க ஒண்ணு கவனிச்சீங்களா? எத்தனை கழுவினாலும் இந்த மஞ்ச வாசம் போகவே மாட்டேங்குது."

அடுத்த மாதம் அவள் குளிக்கவில்லை. எட்டு வருஷம் கழித்து வந்த சந்தோஷம், பெரியண்ணன் வீட்டு வாசலில் சின்னப் பையன்போலக் குதித்தான். அதே வாரம் கீரனூரில் ஆட்டம். கல்லுக்குக் குனிந்து வழக்கம்போல மூச்சை இழுத்துத் தூக்கினான். கல் பஞ்சுமூட்டைபோல மேலே வந்தது. வந்த வேகத்தில் அவனே பின்னால் சாய்ந்துவிட்டான்.

"அட்டைக் கல்லுடோய்!" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு கிளம்பியது. ஹாஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எட்டுப் பேரைக் கூப்பிட்டான். எட்டுப் பேரும் முக்கித்தான் அதைப் புரட்டினார்கள். அவர்கள் கண்ணெதிரே பெரியண்ணன் அதை ஒற்றைக் கையால் எடுத்து, சாப்பாட்டுத் தட்டைப்போலத் திருப்பி வைத்தான். கை தட்டல் வரவில்லை. முன்வரிசைப் பெண்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். மை வைத்திருக்கிறான், சூனியக்காரன் என்று பேச்சுப் பரவியது. அழைப்பு குறைந்தது. பிள்ளை வரப்போகிறது என்கிற நினைப்பில் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

பங்குனியில் ஒரு காலைநேரம் ராசாத்தி அவன் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். "பாருங்க, ஒங்க பயில்வான் ஒதைக்கிறதை."

உதைத்தது. பெரியண்ணன் கையைச் சுட்டதுபோல இழுத்துக்கொண்டான். அவனுக்கு அந்த உதை தெரியும். சின்னதாக ஒன்று, ஒரு மூச்சு விட்டு இன்னொன்று. விராலிமலையில் விலாவில் வாங்கியது.

முழுசாகப் புரிந்துவிட்டது. கல்லில் இருந்தது இப்போது கல்லில் இல்லை. ராசாத்தியைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. ஹாஜாவைத் தேடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினான்.

ஹாஜா கையிலிருந்த கொட்டைக் கீழே வைத்தான். "எடுத்த எடத்துல வச்சிருங்கண்ணே. இன்னைக்கே" என்றான்.

இன்றைக்கே என்பது நாளைக்கு ஆயிற்று. பயில்வான் கல் திருடியவன் என்று தெரிந்தால் ஊர் என்ன பேசும்? அந்த வெட்கத்திலேயே நாலு மாதத்தை ஓட்டினான். அந்த நாலு மாதத்தை நினைத்து அவன் பின்னால் எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டான். ராசாத்தி ஏழாம் மாதமே பாயைவிட்டு எழ முடியாமல் போனாள். "வயித்துல கல்லைக் கட்டின மாதிரி இருக்குங்க" என்றாள். ஆடி பிறந்ததும் மருத்துவச்சி அழகம்மாள் வந்து தடவிப் பார்த்தாள். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"கைக்குச் சின்னப் புள்ளையாத்தான் தெரியுது. கனம் எங்கேருந்து வருதுன்னு புரியல. நேத்துலேருந்து அசைவும் இல்ல. எறங்கவே மாட்டேங்குதுப்பா. இப்படியே கெடந்தா ரெண்டு உசுரும் மிஞ்சாது, சொல்லிப்புட்டேன்."

பெரியண்ணன் அதற்குமேல் நிற்கவில்லை. கல்லை வண்டியில் போட்டான். பஞ்சுபோல வந்தது. அந்த லேசுதான் அவனை மிரட்டியது. வழி நெடுக மாட்டை விரட்டி, மறுநாள் உச்சிப்பொழுதுக்கு அந்த ரோட்டுக்கு வந்து சேர்ந்தான். நட்ட கல் இரண்டும் நேராக நின்றன, சாய்ந்திருந்ததையும் யாரோ சரிசெய்திருந்தார்கள். மேலே ஒன்றும் இல்லை.

கல்லை இறக்கும்போது விறகுக்கட்டோடு ஒருத்தி வந்தாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். கல்லைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். தலையில் சுமையோடு அப்படியே நின்றாள்.

"எடுத்துட்டுப் போனது நீதானா?"

"ஆமாத்தா."

"விழுந்து கெடந்துச்சுன்னு எடுத்தியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருஷமாகத் தனக்கே அப்படித்தான் சொல்லி வந்தான். "இல்லாத்தா. எறக்கி வச்சிருந்தீங்க. மட்டை போட்டிருந்துச்சு. மஞ்சத்தண்ணி காயல. தெரிஞ்சுதான் எடுத்தேன்."

"ஒரு கல்லு சாஞ்சிருச்சேன்னு எறக்கி வச்சுட்டு, திருமயத்துக்குக் கொத்தனாரைக் கூட்டியாரப் போனோம்டா. வந்து பாத்தா மட்டைதான் கெடக்கு. என் தங்கச்சி காத்தாயிக்கு வச்ச கல்லு. பத்தாம் மாசம், வயித்துல இருந்ததோட போயிட்டா. பொன்னம்மான்னு என் பேரைச் சொல்லிக்கிட்டே போனா. வேற கல்லு வையின்னாக. அவ பேருக்கு மஞ்ச ஊத்தின கல்லு இருக்கையில வேற எப்படி வைப்பேன்? மூணு வருசமா இந்த வழியில வெறகு தூக்குறேன். எறக்கி வைக்க எடமில்லாமத் தலையோட போறேன். என் கழுத்து வலி எனக்குப் பெருசில்ல. அவ இன்னும் தூக்கிக்கிட்டே நிக்கிறாளேன்னுதான் நெஞ்சு வலிக்குது."

பெரியண்ணன் கல்லை ஒற்றைக் கையால் எடுத்து நட்ட கல் இரண்டின் மேலும் வைத்தான். பொன்னம்மாளின் முகம் மாறிவிட்டது.

"ஒத்தக் கையிலயா? கனம் எங்கடா?"

"எம் பொஞ்சாதி வயித்துலாத்தா." அவள் காலில் விழுந்தான். புழுதியில் முகம் புதைய அழுதான். "ஒங்க கட்டை எறக்கி வைங்காத்தா. அவ சாகக் கெடக்குறா. ஒரு தடவை எறக்கி வைங்க."

அவள் உடனே இறக்கவில்லை. சுமையோடு அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாட்டேன் என்று சொல்லிப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு பெருமூச்சு விட்டு, இரண்டு அடி முன்னால் வந்து, விறகுக்கட்டைக் கல்லின் மேல் இறக்கினாள். காற்றே இல்லாத அந்த வெயிலில், வெகுநேரம் அடக்கி வைத்த மூச்சை யாரோ விடுகிற சத்தம் பெரியண்ணனுக்குக் கேட்டது. எழுந்து கல்லை அசைத்துப் பார்த்தான். இரண்டு மூட்டைக் கனம். அசையவில்லை.

பொன்னம்மாள் கல்லைத் தடவிக்கொண்டே நின்றாள். "காத்தாயி சுமையை எறக்கிட்டா" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்தப் புள்ளைதான் இங்கிட்டு இல்ல" என்றாள்.

"எந்தப் புள்ளையாத்தா?"

"அவ வயித்துல இருந்தது. மூணு வருசம் மார்ல அணைச்சு ஊர் ஊரா வேடிக்கை காட்டியிருக்கே. கைச்சூடு பழகின புள்ளை கீழ கெடக்குமா? தூக்கிப் பழக்கினவன் நீ. இனிமே நீதான் தூக்கணும்."

அவன் வீடு திரும்பியபோது வாசலில் அழகம்மாள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். நேற்று உச்சிப்பொழுதில் பொட்டென்று இறங்கியது, பெண் பிள்ளை, தாயும் சுகம் என்றாள். உள்ளே ராசாத்தி வெளுத்த முகத்தோடு சிரித்தாள். அழகம்மாள் குழந்தையைத் துணியோடு ஒற்றைக் கையில் அள்ளி அவனிடம் நீட்டினாள்.

வாங்கினான். கை இரண்டும் சடாரென்று முழங்கால்வரை இறங்கின.

"ஏ பயில்வான், கீழ போட்டுறாதே!" என்று கேலியாகச் சிரித்தாள் அழகம்மாள்.

பத்தாம் மாதத்துக் கனம். எத்தனை மேடையில் சுமந்தது, அது அவனுக்குத் தெரியாதா? தோளுக்கு எவ்வளவு, இடுப்புக்கு எவ்வளவு, எந்த இடத்தில் மூச்சுப் பிடிக்கும் என்பதுவரை தெரியும். காலை அகட்டி ஊன்றி, பல்லைக் கடித்து, மார்புவரை கொண்டுவந்தான். குழந்தை கண்ணைத் திறந்து அவனை ஏற்கெனவே தெரிந்ததுபோலப் பார்த்தது. விலாவில் சின்னதாக ஒரு உதை, ஒரு மூச்சு விட்டு இன்னொன்று. அவனுக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்திலும் அவள்மேல் ஆசை பொங்கியது. காத்தாயி என்று பெயர் வைத்தான்.

ராசாத்தி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள், அவளுக்குக் கனமே தெரியாது. பெரியண்ணனுக்கு மட்டும்தான் அந்தக் கனம். அதோடு இன்னொன்றையும் முதல் மாதத்திலேயே கண்டுகொண்டான். உச்சிப்பொழுதில் அவன் தூக்காவிட்டால் குழந்தை அழாது, உடம்பு சில்லிட்டுப் போகும். தூக்கினால் சூடு திரும்பும். வெயில் சாயும்வரை தூக்கி வைத்திருக்கவேண்டும். ஒரு நாள் தவறவில்லை. ஆட்டத்தை அந்த வருஷமே விட்டுவிட்டான். கம்பி வளைத்த மனுஷன், எட்டாள் கல்லைத் தூக்கிய மனுஷன், ஒரு பொடிப் பெண்ணைத் தோளில் வைத்துக்கொண்டு வேர்த்து ஒழுகத் தெருவில் நிற்பதைப் பார்த்து ஊர் சிரித்தது. வயசாயிருச்சு பயில்வானுக்கு என்றார்கள். அவன் வாழ்நாளில் தூக்கியதிலேயே பெரியது அதுதான். அதற்கு யாரும் கை தட்டவில்லை.

1963இல் ஹாஜாவின் மகளுக்கு அறந்தாங்கியில் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். அரிமளம் தாண்டி டயர் வெடித்தது. இறங்கி நடங்க, அடுத்த ஊரில் வேறு பஸ் வரும் என்றார் கண்டக்டர். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பெரியண்ணனால் வேகமாக நடக்க முடியவில்லை. உச்சிப்பொழுது ஆகிவிட்டது, காத்தாயி இடது தோளில் இருந்தாள். எட்டு வயதுப் பெண்.

ரோட்டில் ஆள் இல்லை, காக்காய்கூட இல்லை. வளைவு திரும்பியதும் அந்தக் கல் தெரிந்தது.

ராசாத்திக்கு ஒன்றும் தெரியாது. அவன் சொன்னதே இல்லை. சீர்க்கூடையைச் சுமைதாங்கியில் இறக்கி வைத்துவிட்டு "அப்பாடா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கல்லின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது, ஈரம் காயவில்லை. கூடைக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது.

"அப்பா, ஒனக்கு வேர்த்து ஊத்துது" என்றாள் காத்தாயி. "என்னையும் அதுமேல எறக்கி வையி. நானே ஒக்காந்துக்கிறேன்."

"ஆமாங்க, ஒரு நிமிசம் எறக்கி வைங்களேன்" என்றாள் ராசாத்தி. "இம்புட்டுப் பெரிய புள்ளையை இன்னமுமா தூக்குவாங்க?"

தோள் எலும்பு இற்றுவிடும்போல இருந்தது. கண் இருட்டியது. இறக்கி வைத்தால் கனம் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். கனத்தோடு வேறு என்ன போகும் என்பதும் தெரியும். காத்தாயி கல்லைப் பார்த்துச் சிரித்தாள், தெரிந்தவர்கள் வீட்டைப் பார்ப்பதுபோல. கையை அந்தப் பக்கமாக நீட்டினாள்.

"நீ கூடையை எடு" என்றான் பெரியண்ணன் ராசாத்தியிடம். காத்தாயியை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றி, நீட்டிய கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு நடந்தான்.